பேட்ச் ஒலிக்கிறது, பாடவில்லை: பியூர் டேட்டாவில் குறையை எங்கே தேடுவது

"பேட்ச் வேலை செய்கிறது, ஆனால் கேட்க உயிரில்லை" என்று சொல்லி லேப்டாப்பைத் திறந்து காட்டும் நண்பர்களுக்காகப் பல ஆண்டுகளாகப் பியூர் டேட்டா பேட்ச்களைப் பிரித்துப் பார்த்து வருகிறேன். திரையில் பெட்டிகளை வயரால் இணைத்து ஒலி உருவாக்கும் மென்பொருள் பியூர் டேட்டா, அப்படி இணைத்து வைத்ததுதான் பேட்ச். குறை ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். கை அசைகிறது. அந்த அசைவு ஒலிக்குப் போய்ச் சேர்வதற்குள் வழியில் சிதைந்துவிடுகிறது. சில பேட்ச்களில் வந்தே சேர்வதில்லை. சிலவற்றில் படிக்கட்டாக உடைந்து வருகிறது. இன்னும் சிலவற்றில் ஒலியின் ஒரே ஒரு குணத்தைத் தொட்டுவிட்டு நின்றுவிடுகிறது. புது எஃபெக்ட் சேர்த்தாலும் விலை உயர்ந்த கருவி வாங்கினாலும் இது தீராது. வயரைப் பிடித்துக்கொண்டே போய்த்தான் பார்க்க வேண்டும்.

அதனால் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பேட்சில் என்ன கேட்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் கேட்கும் காரணம் கடைசியில்.

பியூர் டேட்டா இலவச மென்பொருள். 1990களில் மில்லர் பக்கெட் எழுதியது. அதற்கு முன் 1980களில் பாரிஸின் இர்காம் ஆய்வு நிலையத்தில் அவர் தொடங்கிய மேக்ஸ் என்ற மென்பொருள்தான் இதன் அண்ணன். இங்கே சொல்வதில் பெரும்பகுதி மேக்ஸுக்கும் பொருந்தும். மாறுபடும் ஒரு முக்கியமான இடத்தை அங்கேயே சொல்கிறேன். பெட்டிகளின் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன், பேட்சில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

## எதையும் தொடும் முன்

ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றி மேசையில் வையுங்கள். பியூர் டேட்டா ஒலியளவைத் தானாகக் கட்டுப்படுத்தாது. ஒரு பெட்டியில் 0.5-க்குப் பதில் 50 என்று அடித்துவிட்டால் வருவது முழு அலறல். ஒலியை வெளியே அனுப்பும் டேக்~ (dac~) பெட்டிக்கு முன்னால், ஒலியைக் குறைக்க ஒரு *~ 0.1 போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பேட்சை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீடியா மெனுவில் ஆடியோ, மிடி (கீபோர்டு கணினிக்கு எண்களை அனுப்பும் முறை) இரண்டையும் சோதிக்கும் பேட்ச் ஒன்று கூடவே வருகிறது. அதைத் திறந்து சோதனை ஒலியைக் கேளுங்கள். அதிலேயே கரகரப்பு இருந்தால் உங்கள் பேட்சில் தவறு இல்லை, நேராகத் தாமதம், கரகரப்பு பற்றிய பகுதிக்குப் போங்கள்.

அடுத்து, பேட்சைக் கண்ணால் பாருங்கள். தடித்த வயரில் ஒலி ஓடுகிறது, இடைவிடாமல். மெல்லிய வயரில் எண்கள் ஓடுகின்றன, விட்டு விட்டு. மெல்லிய வயர் ஒன்று ~ குறியுள்ள பெட்டிக்குள் நுழையும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் சரிசெய்த குறைகளில் பாதிக்கு மேல் அந்த நுழைவாயிலில்தான் உட்கார்ந்திருந்தன.

## எவ்வளவு பலமாக அடித்தாலும் ஒரே மாதிரி கேட்கிறது

### எண் வருகிறதா?

கீபோர்டின் எண்களை வாங்கும் நோட்இன் பெட்டியின் நடு அவுட்லெட்டில் (எண் வெளியேறும் வாய்), வந்த எண்ணைக் காட்டும் ஒரு பிரிண்ட் பெட்டியை மாட்டி, மெதுவாகவும் பலமாகவும் மாறி மாறி அடியுங்கள். இடது அவுட்லெட் ஸ்வரம், நடுவில் இருப்பது வெலாசிட்டி (கட்டையை அடித்த வேகம்), வலது சேனல்.

எண் மாறவே இல்லை, எப்போதும் 100 அல்லது 127 என்று வந்தால் கீபோர்டின் அமைப்பில் வெலாசிட்டி ‘ஃபிக்ஸட்’ என்று இருக்கிறதா பாருங்கள். சில மலிவான வீட்டுக் கீபோர்டுகளில் தொடு உணர்வே கிடையாது, அவை எப்போதும் ஒரே எண்ணைத்தான் அனுப்பும். அப்படியென்றால் அந்தக் கீபோர்டை வைத்து அழுத்தத்தைக் கொண்டுவர முயல வேண்டாம். ஸ்லைடரையோ மவுஸையோ அழுத்தத்துக்கு ஒதுக்குங்கள்.

### எண் மாறுகிறது, சத்தத்தில் வித்தியாசம் போதவில்லை

வெலாசிட்டியை 127-ஆல் வகுத்து நேராக *~ பெட்டிக்குக் கொடுத்திருப்பீர்கள். காது அப்படிக் கேட்பதில்லை. வீச்சைப் பாதியாக்கினால் குறைவது 6 டெசிபல் மட்டுமே. பாதி பலத்தில் அடித்தும் "கொஞ்சம் குறைந்தது" என்றுதான் தோன்றும்.

வகுத்து வந்த எண்ணை அதனாலேயே பெருக்குங்கள். 64 என்ற அடி 0.5-க்குப் பதில் ஏறக்குறைய 0.25 ஆகும், 12 டெசிபல் இறங்கும். எனக்குப் பிடித்த வழி, டெசிபலை வீச்சாக மாற்றும் டிபிடுஆர்எம்எஸ் (dbtorms) பெட்டி. அதன் கணக்கில் 100 என்றால் முழு வீச்சு, 80 என்றால் பத்தில் ஒன்று. வெலாசிட்டி 1 முதல் 127 வரை 65 முதல் 100 வரை விரியும்படி வைத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: விரல் எடுக்கும்போது வரும் வெலாசிட்டி 0. அதை செலக்ட் 0 பெட்டியால் தனியே பிரிக்காவிட்டால் அதுவும் 65 ஆகி, ஸ்வரம் மெல்லிய முனகலாக நின்றுவிடும்.

### சத்தம் மாறுகிறது, ஆனாலும் அடித்த உணர்வு இல்லை

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். மிருதங்கத்தை, வீணையை, ஒரு பாத்திரத்தைப் பலமாகத் தட்டிப் பாருங்கள். சத்தம் மட்டும் கூடுவதில்லை, ஒலி பிரகாசமாகிறது. 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 அவ்வளவு உயிரோடு ஒலித்ததற்கு ஒரு காரணம், விரலின் வேகம் அதில் ஒலியின் நிறத்தையும் மாற்ற முடிந்ததுதான்.

செய்ய வேண்டியது: ஒலியை விசிஎஃப்~ என்ற வடிகட்டிப் பெட்டி வழியாக அனுப்புங்கள். அதன் வலது அவுட்லெட்தான் லோ-பாஸ் (மேல் அதிர்வெண்களை வெட்டுவது), இடது அவுட்லெட் பேண்ட்-பாஸ் (நடுவில் ஒரு பட்டையை மட்டும் விடுவது). மாற்றிப் பிடித்துவிட்டு "ஒலி மெலிந்துவிட்டது" என்று வருபவர்கள் உண்டு. வெட்டும் அதிர்வெண்ணை ஸ்வர எண்ணிலேயே கணக்கிடுங்கள்: ஸ்வரம் + 12 + (வெலாசிட்டி × 36 ÷ 127), அப்புறம் ஸ்வர எண்ணை ஹெர்ட்ஸாக மாற்றும் எம்டுஎஃப் (mtof). மெல்லத் தொட்டால் வடிகட்டி ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி மேலே நிற்கும், முழு பலத்தில் நான்கு ஸ்தாயி திறக்கும். மேல் ஸ்வரங்களிலும் கீழ் ஸ்வரங்களிலும் ஒரே மாதிரி உணர்வு கிடைக்கும்.

### எப்போது ரிப்பேர் கடைக்குப் போவது?

ஒரே ஒரு கட்டை மட்டும் எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் 127 தருகிறது, அல்லது சில சமயம் பேசாமல் இருக்கிறது என்றால் அது பேட்ச் குறை அல்ல. பெரும்பாலான கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் இரண்டு தொடுமுனைகள் உண்டு. முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்துதான் வேகம் கண்டுபிடிக்கப்படுகிறது. ரப்பர் தொடுமுனையில் தூசி சேர்ந்தாலோ தேய்ந்தாலோ கணக்கு கெடும். கீபோர்டு பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பட்டை கேபிள் கழன்று போகும் அபாயம் இருப்பதால் முதல் முறை நீங்களே பிரிக்க வேண்டாம்.

## பலமாக அடித்தது அடுத்த ஸ்வரத்தில் தெரிகிறது

விசித்திரமாகத் தோன்றும், ஆனால் மிக அடிக்கடி வரும் குறை. அழுத்தி வாசித்த ஸ்வரம் மெல்லியதாக வருகிறது, அதற்கு அடுத்தது காரணமில்லாமல் ஓங்கி ஒலிக்கிறது. அல்லது நீங்கள் அழுத்திய ஸ்வரத்துக்குப் பதில் முந்தைய ஸ்வரம் கேட்கிறது.

காரணம் ஒன்றுதான்: வரிசை. பெரும்பாலான பெட்டிகளில் இடது இன்லெட்டுக்கு (எண் நுழையும் வாய்) எண் வந்தால்தான் பெட்டி வேலை செய்யும், வலது இன்லெட் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவே. நோட்இன் வலமிருந்து இடமாக எண்களை அனுப்புகிறது: சேனல், வெலாசிட்டி, கடைசியில் ஸ்வரம். வெலாசிட்டியை, எண்களை ஒன்றாகக் கட்டி அனுப்பும் பேக் பெட்டியின் இடது இன்லெட்டில் மாட்டியிருந்தால், புது ஸ்வரம் வந்து சேரும் முன்பே பழைய ஸ்வரத்தோடு அது கிளம்பிவிடும்.

ஒரே அவுட்லெட்டிலிருந்து இரண்டு வயர் இழுத்திருக்கும் ஒவ்வொரு இடத்திலும் எண்ணை வலமிருந்து இடமாக வரிசைப்படி அனுப்பும் டிரிகர் பெட்டி ஒன்றை நுழைத்துவிடுங்கள். மேலே சொன்ன வர்க்கப் பெருக்கலில்கூட, டிரிகர் இல்லாமல் ஒரே எண்ணை *-இன் இரண்டு இன்லெட்டுக்கும் இழுத்தால், புது எண் பழைய எண்ணோடு பெருக்கப்படலாம். பியூர் டேட்டாவில் எந்த வயரை முதலில் இழுத்தீர்களோ அது முதலில் போகும், அது கண்ணுக்குத் தெரியாது. மேக்ஸில் வேறு மாதிரி: திரையில் வலது பக்கம் இருக்கும் பெட்டிக்கு முதலில் போகும். அதனால் மேக்ஸில் அழகுக்காக ஒரு பெட்டியை நகர்த்தினாலே இசை மாறிவிடக்கூடும். இரண்டிலும் மருந்து டிரிகர்தான்.

## ‘டிக்’ சத்தம், ஸ்லைடரை நகர்த்தினால் ‘சர்ர்’

முதலில் ஒரு கேள்வி: இந்தச் சத்தம் உங்கள் கை அசையும்போது மட்டும் வருகிறதா, சும்மா இருக்கும்போதும் வருகிறதா? சும்மா இருக்கும்போதும் வந்தால் கரகரப்புப் பகுதிக்குப் போங்கள்.

### ஸ்லைடரில் ‘சர்ர்’

மிடி ஸ்லைடருக்கு 0 முதல் 127 வரை 128 படிகள்தான். ஒவ்வொரு படியும் ஒரு சின்னத் தாவல், அதுதான் கேட்கிறது. பேக் 0 30 போட்டு, அதை லைன்~ பெட்டிக்குக் கொடுத்து, அங்கிருந்து வரும் தடித்த வயரை *~ பெட்டிக்கு மாட்டுங்கள். ஒவ்வொரு படியும் 30 மில்லி விநாடியில் வழுக்கிப் போகும்.

லைன்~ போட்டும் ‘சர்ர்’ போகவில்லையா? ~ குறியை விட்டிருப்பீர்கள். குறி இல்லாத லைன் பெட்டி வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் எண் தரும், அதுவும் படிக்கட்டுதான்.

வடிகட்டியை நகர்த்தும்போது மட்டும் சத்தம் வந்தால், லாப்~ (lop~) அல்லது பிபி~ (bp~) வடிகட்டி போட்டிருக்கிறீர்களா பாருங்கள். அவற்றின் அதிர்வெண் இன்லெட் மெல்லிய வயரை மட்டுமே ஏற்கும். அசையும் வடிகட்டிக்கு விசிஎஃப்~ போடுங்கள், அதன் நடு இன்லெட் தடித்த வயரை ஏற்கும்.

மழமழப்பு வேண்டுமென்று 30-ஐ 300 ஆக்கிவிடாதீர்கள். டிக் போய்விடும், கையின் வேகமும் கூடவே போய்விடும். சத்தத்துக்கு 10 முதல் 30, நிறத்துக்கு 30 முதல் 60 என்பது என் பழக்கம்.

### ஸ்வரம் தொடங்கும்போது ‘டிக்’

லைன்~ பெட்டிக்கு "1 5, 0 400" என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறீர்களா? அது 5 மில்லி விநாடியில் ஏறி அப்புறம் 400-இல் இறங்காது. இரண்டு கட்டளையும் ஒரே கணத்தில் போய், இரண்டாவது முதலாவதை அழித்துவிடும். வீலைன்~ போட்டு "1 5, 0 400 5" என்று எழுதுங்கள். மூன்றாவது எண் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது.

மெசேஜ் 0 என்று தொடங்கினால், அதாவது "0, 1 5, 0 400 5" என்றிருந்தால், முந்தைய ஸ்வரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போது வீச்சு திடீரென்று பூஜ்யத்துக்கு விழும். அந்த முதல் 0-ஐ எடுத்துவிடுங்கள். இருக்கும் இடத்திலிருந்தே ஏறட்டும். பழைய ஸ்வரத்தின் மிச்சம் புதியதில் கரைவது ஒட்டி வாசிக்கும் உணர்வையும் தருகிறது.

## ஸ்வரம் ஸ்வரமாகத் தாவுகிறது, கமகம் வரவில்லை

தமிழ் வீடுகளில் வளர்ந்த காதுக்கு இந்தக் குறைதான் மிகவும் வலிக்கும். நாதஸ்வரத்தையும் வீணையையும் கேட்டுப் பழகிய நமக்கு, கட்டை கட்டையாக நிற்கும் ஸ்வரம் இசையின் எலும்புக்கூடு போலத்தான் தோன்றும். பியூர் டேட்டாவில் ஸ்வரத்துக்கு முழு எண் தேவையில்லை. 60 மத்திய ஸி என்றால் 60.37 என்று ஓரிடமும் உண்டு. கட்டைகள் இல்லாத வெளி அது, நாம்தான் பழக்கத்தில் கட்டை போட்டு வைத்திருக்கிறோம்.

### வழுக்குகிறது, ஆனால் ஒரு பக்கமாக

ஸ்வர எண்ணை முதலில் ஹெர்ட்ஸாக மாற்றிவிட்டு அதற்கப்புறம் லைன்~ போட்டிருந்தால், மேலே போகும் ஜாருவும் (ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்குவது) கீழே வரும் ஜாருவும் வேறு வேறு வடிவில் கேட்கும். வழுக்கலை ஸ்வர எண்ணிலேயே செய்யுங்கள்: பேக் 0 80, லைன்~, பிறகு எம்டுஎஃப்~, பிறகு ஒலி அலை தரும் ஆஸ்க்~ (osc~). பெண்ட், அசைவு, நடுக்கம் எல்லாவற்றையும் எம்டுஎஃப்~ பெட்டிக்கு முன்னால் +~ போட்டுக் கூட்டுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் பேட்ச் பாதி சரியாகிவிடும்.

### சக்கரத்தைத் தொட்டதும் சுருதி ஏறி அங்கேயே நிற்கிறது

கீபோர்டின் பெண்ட் சக்கரத்திலிருந்து பெண்ட்இன் தருவது 0 முதல் 16383 வரை, நடு 8192. ஆனால் வெளியே அனுப்பும் பெண்ட்அவுட் எதிர்பார்ப்பது -8192 முதல் 8191 வரை. இந்த இரண்டும் ஒன்று என்று நம்பி 8192-ஐக் கழிக்காமல் விட்டால், தொட்ட கணத்தில் சுருதி முழு வீச்சுக்கு ஏறி உட்காரும். கழித்து, 8192-ஆல் வகுத்து, வேண்டிய அரைஸ்வர எண்ணிக்கையால் பெருக்குங்கள். வழக்கம் 2. நீண்ட ஜாருவுக்கு 7 அல்லது 12 வையுங்கள், மற்ற வேலைக்கு 2 அல்லது 3 போதும். வீச்சைக் கூட்டினால் விரலின் சின்ன நடுக்கமும் கூடும்.

### அசைகிறது, ஆனால் இயந்திரம் போல

நடுக்கத்துக்கு ஆஸ்க்~ 5.5 போட்டு, ஸ்வரம் தொடங்கிய கணத்திலிருந்து ஒரே அளவில் ஆட்டுகிறீர்கள் என்றால் யார் கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று மாற்றம் செய்யுங்கள். ஆட்டத்தின் ஆழம் முதல் 300 மில்லி விநாடி 0-வில் நிற்கட்டும், அதற்கப்புறம் மெல்ல 0.3 அரைஸ்வரம் வரை ஏறட்டும். வேகத்தை அரை விநாடிக்கு ஒருமுறை 5-க்கும் 6.2-க்கும் இடையே புது எண் எடுத்து லைன்~ வழியாக மாற்றுங்கள். ஆழத்தை, கட்டையை அழுத்திப் பிடிக்கும் அழுத்தத்தைத் தரும் டச்இன் பெட்டியோடு இணையுங்கள், அப்போது விரலை அழுத்தும்போது மட்டும் ஆழம் கூடும்.

கமகம் நடுக்கம் அல்ல, அதற்கு வடிவம் உண்டு. தோடியின் காந்தாரத்தை நினைத்துப் பாருங்கள். அது தன் இடத்தில் நிற்பதே இல்லை. கீழிருந்து எழுந்து மத்தியமத்தைத் தொட்டுத் திரும்புகிறது, ஒவ்வொரு சுற்றும் சற்று வேறாக. இதை சைன் அலையால் கொண்டுவர முடியாது. 200 புள்ளிகள் கொண்ட ஒரு அரேயை (எண்களின் வரிசை) திறந்து, மவுஸால் வளைவை வரையுங்கள். டேப்ரீட்4~ பெட்டியை வீலைன்~ கொண்டு ஓட்டி அந்த வளைவைப் படித்து, ஸ்வர எண்ணோடு கூட்டுங்கள். அது நான்கு புள்ளிகளை வைத்துக் கணக்கிடும் பெட்டி, அதனால் இரு ஓரத்திலும் ஒரு புள்ளி உதிரியாக இருக்கட்டும்: 1 முதல் 198 வரை ஓட்டுங்கள்.

வரையும்போது ஒன்றைக் கவனியுங்கள். அசைவுகளில் குரல் சம வேகத்தில் போவதில்லை. ஓரிடத்தில் தங்கும், சட்டென்று கடக்கும், சில சமயம் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பும். உங்கள் வளைவில் சமதளமும் செங்குத்தும் இரண்டும் இருக்க வேண்டும். ஒரே சாய்வில் ஏறி இறங்கும் முக்கோணம் வரைந்தால் சைரன்தான் வரும். மூன்று நான்கு வளைவுகள் வரைந்து வைத்து, வாசிக்கும் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப எது வேண்டுமோ அதை எடுங்கள்.

### தம்புரா ஓசையோடு சேரவில்லை

பின்னணியில் ஆதார சுருதி வைத்து வாசித்தால் அந்தர காந்தாரம் கூர்மையாகக் குத்துகிறதா? கீபோர்டின் சம அளவுப் பகுப்பில் அது ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு). 5:4 என்ற இயற்கை விகிதத்தில் 386 சென்ட். ஷட்ஜம் 60 என்றால் 64-க்குப் பதில் 63.86 வையுங்கள். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், 67.02. பன்னிரண்டு எண் கொண்ட ஒரு சின்ன அரேயில் இந்தத் திருத்தங்களை எழுதி வைத்தால் போதும். காந்தாரம் உருகிச் சேரும் அந்தக் கணம் ஒருமுறை கேட்டால் பிறகு பழையதற்குத் திரும்ப மனம் வராது.

### யாரைக் கூப்பிடுவது?

கருவி வாங்கும் முன் ஒரு கலைஞரைக் கூப்பிடுங்கள். பாடுபவரோ வீணை வாசிப்பவரோ, தெரிந்தவர் ஒருவர். நீங்கள் திணறும் அந்த ஒரே சங்கதியை அவரிடம் பத்து முறை பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சிக்மண்ட்~ பெட்டிக்கு அந்தப் பதிவைக் கொடுத்தால் சுருதியை ஸ்வர எண்ணாகவே தரும். அதை அரேயில் எழுதிப் பக்கத்தில் உங்கள் வளைவை வையுங்கள். எங்கே தங்கவில்லை, எங்கே அவசரப்பட்டீர்கள் என்பது கண்ணுக்கே தெரியும். எந்த வளைவு எந்த ராகத்துக்குப் பொருந்தும் என்பதில் அவர் சொல்வதே முடிவு. இதற்கு உரிய சம்பளம் கொடுங்கள், இது அவருடைய தொழில்.

இதற்கெல்லாம் அப்புறமும் விரல் போதவில்லை என்று உறுதியானால், ஒவ்வொரு விரலையும் தனித்தனியே அளக்கும் எம்பிஇ வகைக் கருவிகள் இருக்கின்றன: சீபோர்டு, லின்ஸ்ட்ருமெண்ட், ஏ.ஆர்.ரகுமான் வாசிக்கும் ஹேக்கன் கண்டினியூம். அருமையான கருவிகள், ஆனால் விலையும் அப்படித்தான். எம்டுஎஃப்~ பெட்டிக்கு முன் கூட்டக் கற்றுக்கொள்ளாத பேட்சில் அவையும் கீபோர்டு போலத்தான் ஒலிக்கும்.

## ஒரு விரலை அசைத்தால் எல்லா ஸ்வரமும் அசைகிறது

இரண்டு காரணம். முதலாவது, இலவசம்: பல குரல்களுக்காக ஒரே துணைப் பேட்சை நகலெடுத்து, உள்ளே செண்ட், ரிசீவ் (வயர் இல்லாமல் எண் அனுப்பும், வாங்கும் பெட்டிகள்), அரே பெயர்களை அப்படியே விட்டிருப்பீர்கள். எட்டுக் குரலும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்ளும். அந்தத் துணைப் பேட்சைத் தனிக் கோப்பாகச் சேமித்து, பெயர்களுக்கு முன்னால் $0- சேருங்கள், ஒவ்வொரு நகலுக்கும் தனிப் பெயர் கிடைக்கும். பிறகு பாலி பெட்டியால் குரல் எண் பிரித்து, குளோன் பெட்டிக்குள் அனுப்புங்கள்.

இரண்டாவது, சாதாரண மிடியில் பிட்ச் பெண்ட் சேனல் முழுவதற்கும் ஒன்றுதான். இது பேட்சால் தீராது. எம்பிஇ முறையில் ஒவ்வொரு ஸ்வரமும் தனிச் சேனலில் வருகிறது, அதனால்தான் அங்கே பிரிக்க முடிகிறது. எம்பிஇ கருவியே வைத்திருந்தும் எல்லாம் சேர்ந்து அசைந்தால், நோட்இன், பெண்ட்இன் இரண்டிலும் சேனல் எண்ணைப் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள். அந்தக் கருவிகளில் பெண்ட் வீச்சு வழக்கமாக 48 அரைஸ்வரம். 2 என்று வைத்த பேட்சில் விரலை நீளமாக இழுத்தாலும் சுருதி கொஞ்சம்தான் அசையும்.

## தாளம் கடிகாரம் போல இருக்கிறது

சீரான இடைவெளியில் தட்டும் மெட்ரோ பெட்டி துல்லியமானது, அதைக் குறை சொல்ல முடியாது. முதலில் நேரத்தைத் தொடாதீர்கள், பலத்தைத் தொடுங்கள். எட்டு அட்சர ஆதி தாளத்தில் 4, 2, 2 என்று அங்கங்கள் தொடங்கும் இடங்களுக்குக் கூடுதல் வெலாசிட்டி கொடுங்கள், நடு அடிகளைக் குறையுங்கள். பெரும்பாலான பேட்ச்களுக்கு இதுவே போதும்.

அப்புறமும் விறைப்பாக இருந்தால் பைப் பெட்டியால் சில அடிகளைத் தாமதப்படுத்துங்கள். ராண்டம் 20 போட்டு எல்லா அடியையும் சிதறடிப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில் மனிதர் கேட்பதில்லை, தடுமாற்றம்தான் கேட்கிறது. நல்ல வாத்தியக்காரரின் விலகல் ஒரு பழக்கம்: குறிப்பிட்ட அடி எப்போதும் சற்றுப் பின்தங்கும். நான்காவது அடிக்கு எப்போதும் 9 மில்லி விநாடி என்று நிலையாகக் கொடுத்துப் பாருங்கள். சிதறல் வேண்டுமென்றால் முந்தைய விலகலோடு +1 அல்லது -1 கூட்டிக்கொண்டே போங்கள். அப்போது தாளம் மெல்ல மிதக்கும், குதிக்காது.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதே ‘தற்செயல்’ வருகிறதா? ராண்டம் பெட்டி பியூர் டேட்டாவைத் திறக்கும்போதெல்லாம் அதே வரிசையில்தான் தொடங்கும். பேட்ச் திறந்ததிலிருந்து நீங்கள் முதல் கட்டையைத் தொடும் வரை ஆன நேரத்தை டைமர் பெட்டியால் அளந்து, அதை சீட் மெசேஜாக அனுப்புங்கள்.

## தாமதம், கரகரப்பு

முதல் கேள்வி: ப்ளூடூத் ஹெட்போனா? அப்படியென்றால் கழற்றி வயர் ஹெட்போன் மாட்டுங்கள். ஒரு நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு முழுவதும் பேட்சைத் திருத்திக்கொண்டிருந்த நண்பர் ஒருவருக்குத் தேவைப்பட்டது அந்த வயர் மட்டுமே. ப்ளூடூத்தில் நூறு மில்லி விநாடிக்கு மேலும் தாமதம் சேரும். தாள வாசிப்புக்கு மொத்தம் பத்துப் பதினைந்தைத் தாண்டினாலே கை தடுமாறும்.

அடுத்து, ஆடியோ அமைப்பில் டிலே என்ற எண்ணைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கரகரப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். விண்டோஸில் ஆசியோ டிரைவர் வழியாக ஓட்டினால் நன்றாகவே கீழே இறங்கலாம்.

கரகரப்பு ஸ்வரங்கள் கூடும்போது மட்டும் வந்தால் கணினி திணறுகிறது. ஒலிக்காத குரல்களை சுவிட்ச்~ பெட்டியால் அணையுங்கள். சோதனைக்குப் போட்ட பிரிண்ட் பெட்டிகள், வேகமாக ஓடும் நம்பர் பெட்டிகள் எல்லாவற்றையும் நீக்குங்கள்.

சார்ஜரைக் கழற்றினால் ‘ம்ம்’ என்ற இரைச்சல் நிற்கிறதா? எர்த் சிக்கல். பேட்டரியில் வாசித்துச் சமாளிக்கலாம். ஆனால் லேப்டாப்பின் உலோக உடலையோ மைக்கையோ தொட்டால் சுர்ரென்று இருந்தால் உடனே வாசிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## எல்லாம் சரி, ஆனாலும் உயிரில்லை

மேலே உள்ள எதுவும் பொருந்தவில்லை என்றால், பேட்சைத் தள்ளி நின்று பாருங்கள். ஒரு ஸ்லைடர், ஒரு குணம். இன்னொரு ஸ்லைடர், இன்னொரு குணம் என்று நேர் கோடாக இருக்கும். அது ஒலிப்பதிவுக்கூடத்து மிக்சர், வாத்தியம் அல்ல. வயலினில் வில்லை அழுத்தினால் சத்தம், நிறம், உரசல் எல்லாம் ஒன்றாக மாறுகின்றன. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஆண்டி ஹண்ட் இத்தகைய பின்னிய இணைப்பையும் தனித்தனி ஸ்லைடர்களையும் மக்களிடம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பின்னிய இணைப்பு தொடக்கத்தில் கடினம், பழகப் பழக அதுதான் கைவசமானது.

ஒரே அழுத்த எண்ணை நான்காகப் பிரியுங்கள், டிரிகர் வழியாக. ஒன்று சத்தத்துக்கு, வர்க்கமாக. ஒன்று விசிஎஃப்~ வடிகட்டிக்கு, சற்று மெதுவாக, 50 மில்லி விநாடி. ஒன்று சுருதிக்கு, மிகச் சிறிதாக, 0.1 அரைஸ்வரம் வரை. ஒன்று நாய்ஸ்~ பெட்டியின் அளவுக்கு, பாதிக்கு மேல் அழுத்தினால் மட்டும் மூச்சு போல எட்டிப் பார்க்கும்படி. நான்கும் ஒரே வேகத்தில் நகரக்கூடாது.

அடுத்து, கையின் இடத்தை மட்டும் அல்ல, வேகத்தையும் அளங்கள். 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை இப்போதைய எண்ணிலிருந்து முந்தைய எண்ணைக் கழித்து, குறியை நீக்கி, லைன்~ வழியாக 150 மில்லி விநாடியில் கரையவிடுங்கள். அதைச் சத்தத்தோடு இணைத்தால் கை அசையும் வரைதான் ஒலி இருக்கும், நின்றால் அடங்கும். ஸ்லைடர் வில்லாக மாறுவது இந்த இடத்தில்தான். முதல் நாள் வாசிக்கக் கடினமாக இருக்கும், எண்களை மாற்றாமல் ஒரு வாரம் அப்படியே வாசியுங்கள். எட்டாவது நாள் எந்த எண் உங்கள் கைக்குப் பொருந்தவில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும், அதை மட்டும் மாற்றுங்கள்.